எலக்ட்ரிக் கிடாரும் என் 7,500 ரூபாய் பாடமும்

புனேல இருக்கிற நம்ம ஊர் நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணியிருந்தார். பையன் எலக்ட்ரிக் கிடார் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாம். "ராக், ப்ளூஸ்னு என்னென்னமோ சொல்றான். இருபது இருபத்தஞ்சுக்குள்ள எதை வாங்கறதுங்க?"ன்னு கேட்டார். அரை மணி நேரம் பேசியும் முடியலை. எனக்கு கிடார் வாசிக்கத் தெரியாதுங்க. ஆனா தப்பான கிடாரை எப்படி வாங்கறதுன்னு ரொம்ப நல்லாத் தெரியும். காசு கட்டிப் படிச்ச பாடம். அவருக்குச் சொன்னதையே இங்க எழுதி வைக்கிறேன். வெளியூர்ல புள்ளைங்களை வச்சிருக்கிற வேற யாருக்காவது ஒதவும்.

மொதல்ல கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

2022 ஜூன்ல கோயமுத்தூர்ல இருந்து கொல்கத்தாவுக்கு மாத்தல். பேங்க் உத்தியோகத்துல இது புதுசில்லை. ஆனா பெரியவ அப்ப ஒன்பதாவது போறா. ஆறு வருசமா வீணை கத்துக்கிட்டிருந்தா. சாமான் ஏத்தறப்ப லாரிக்காரர் வீணையைப் பார்த்துட்டு, "ரெண்டாயிரம் கிலோமீட்டர் சார், உடைஞ்சா எங்களைக் கேக்கக்கூடாது"ன்னுட்டார். "அடுத்த லீவுல எடுத்துக்கலாம் கண்ணு"ன்னு சொல்லி, உறை போட்டு எங்கம்மா வீட்டுல வச்சுட்டு வந்துட்டோம். அடுத்த லீவு வந்துச்சு, போச்சு. ட்ரெயின்ல எப்படிக் கொண்டு வர்றதுன்னு நான்தான் தள்ளிப் போட்டேன்.

வீடு லேக் மார்க்கெட் பக்கம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பில்டர் காபித்தூள் எல்லாம் கிடைக்கும். அதனால தங்கமணிக்குக் குறையில்லை. புள்ளைக்குத்தான் ஃப்ரெண்ட்ஸ் இல்லை, டீச்சர் இல்லை, வீணையும் இல்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ஸ்கூல் எப்படி, பரவால்ல. ஆறு மாசமா எங்க ரெண்டு பேருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதானுங்க.

அந்த டிசம்பர்ல கல்யாண நாளுக்கு பார்க் ஸ்ட்ரீட்டுல ட்ரிங்காஸுக்குப் போனோம். மும்பைல தமிழ்க் குடும்பத்துல பொறந்த உஷா உதுப், சென்னை நைன் ஜெம்ஸ்ல ஆரம்பிச்சு, 1960-களின் கடைசியில இங்க வந்து பாடிப் பேர் வாங்கின இடம். அன்னிக்கு மேடையில ஒருத்தர் மெதுவா ஒரு ப்ளூஸ் வாசிச்சுக்கிட்டிருந்தார். ஒரு இடத்துல கம்பியை விரலாலேயே மேல தள்ளி இழுத்தார். சுரம் அப்படியே அழுதுக்கிட்டே ஏறுச்சு. என் பொண்ணோட இடது கை மேஜை மேல தானா நகர்ந்துச்சு.

"அப்பா, அவர் கமகம் பண்றார்ப்பா."

ஆறு மாசத்துல அவளா ஆரம்பிச்ச மொத வாக்கியம் அது. வீட்டுக்கு வர்ற வழியிலயே, "எனக்கு எலக்ட்ரிக் கிடார் வாங்கித் தர்றீங்களா?"ன்னு கேட்டா.

இப்பத்தான் நம்ம மேதாவித்தனம் ஆரம்பிக்குது. யாரையும் கேக்கலை. இன்டர்நெட்ல ஒரு பெரிய பொட்டி, 7,500 ரூபாய். கிடார், ஆம்ப், பை, கேபிள், ஸ்ட்ராப், அரை டஜன் பிக், எல்லாம் உள்ளேயே. சிவப்புக் கலர், கூர் கூரா கொம்பு, ஏகப்பட்ட திருகு வச்ச பிரிட்ஜ். பார்க்க ராக்கெட் மாதிரி இருந்துச்சு. இவ்வளவு மலிவாக் கிடைச்சதுன்னு பெருமை வேற.

ரெண்டு மாசம் விடாம வாசிச்சா. யூட்யூப் பார்த்து, விரல் நுனி காய்ச்சுப் போற வரைக்கும். பாட்டு மட்டும் வரவே இல்லை. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தரம் சுருதி விலகிடும். மூணாவது மாசம் கிடார் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. "ஏன் கண்ணு?"ன்னு கேட்டா, "எனக்கு வரலைப்பா"ங்கிறா. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் தண்டம். எதையுமே முழுசாப் பண்றதில்லை நீ"ன்னு கத்திட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினா.

எங்க பிராஞ்சு மேனேஜர் வங்காளி. காலேஜ்ல பேண்ட் வச்சிருந்தவர். 1975-லயே மொஹீனேர் கோராகுலின்னு ராக் பேண்ட் ஆரம்பிச்ச ஊருங்க இது. இங்க தெருவுக்கு ஒருத்தர் கிடார் வாசிப்பார். 2023 நவம்பர்ல ஒரு நாள் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், கட்டிலுக்கு அடியில தெரிஞ்ச பையைப் பார்த்துட்டு வெளிய எடுத்தார். சுருதி சேர்த்தார். ஒரு கம்பியை சும்மா மீட்டினார். அதே கம்பியை 12-வது ஃப்ரெட்ல (நம்ம வீணையில மெட்டுன்னு சொல்றோமே, அதுதான்) அழுத்தி மீட்டினார். அது மேல் ஸ்தாயியில அதே சுரமா வரணும். வரலை. கால் சுரம் தள்ளி நின்னுச்சு. அடுத்து கம்பியை மேல தள்ளி இழுத்தார். பாதியிலயே டப்புன்னு சத்தம் செத்துப்போச்சு.

கிடாரைக் கீழ வச்சுட்டு எம் பொண்ணைப் பார்த்து, "இதுல நானும் வாசிக்க முடியாதும்மா"ன்னார்.

அவ முகத்தைப் பார்த்திருக்கணுமே. ஒரு வருசமா தன் விரல்ல குறைன்னு நெனச்சுக்கிட்டிருந்த புள்ளை. வீணை வாசிச்ச காது அது. சுருதி விலகினது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா புது வாத்தியம் தப்புன்னு நெனைக்கத் தோணலை, நாமதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டா. நானும் அதுக்கு மேல ஒரு ஆணி அடிச்சு வச்சிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மூணு பேரும் காளிகாட்ல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல இறங்கி, லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணிக்குப் போனோம். வரிசையா வாத்தியக் கடைங்க. அங்க கிடார் ரிப்பேர் செய்ற பெரியவர் ஒருத்தர் எங்க சிவப்பு ராக்கெட்டைக் கழுத்துப் பக்கமா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கழுத்து முறுக்கிக்கிச்சு தாதா. சரி பண்ற காசுக்கு வேற வாங்கிடலாம்"ன்னார். (இங்க தாதான்னா அண்ணன். அருவாள் எல்லாம் கிடையாது.) மேனேஜரும் அவரும் அன்னிக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் கீழ இருக்கிறது.

ஒண்ணு, பிக்கப். எலக்ட்ரிக் கிடாருக்குச் சத்தம் கொடுக்கிறது மரப் பொட்டி இல்லை. கம்பிக்குக் கீழ காந்தமும் தாமிரச் சுருளும் இருக்கு. இரும்புக் கம்பி அதிர்ந்தா சுருள்ல மின்சாரம் வரும், அதை ஆம்ப் பெருசாக்கும். ஒரே சுருள் இருந்தா சிங்கிள் காயில். சத்தம் தெளிவா, மணி மாதிரி இருக்கும். 1954-ல ஃபெண்டர் கம்பெனி கொண்டு வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல இது மூணு. ப்ளூஸ்காரங்களுக்கு உசிரு. ஆனா வீட்டு கரண்டோட இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்துல இருந்தா 'ஙொய்'னு கேட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு சுருளை எதிரும் புதிருமா வச்சு அந்த இரைச்சலை ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்க விடறது ஹம்பக்கர். சத்தம் தடிமனா இருக்கும். ராக்குக்கு இதான் வாகு, லெஸ் பால் வகை கிடார்ல ரெண்டு இருக்கும். ரெண்டும் வேணும்ங்கிற வீட்டுக்கு, பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மத்த இடத்துல ரெண்டு சிங்கிள் காயிலும் வச்சது இருக்கு. கடையில எச்.எஸ்.எஸ்.னு கேளுங்க.

ரெண்டு, பிரிட்ஜ். விலை குறைஞ்ச கிடார்ல, கம்பியைப் பூட்டி வைக்கிற ஏகப்பட்ட திருகு வச்ச ஆடும் பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். சுருதி நிக்காது, கம்பி மாத்தறதுக்கே அரை நாள் போகும். ஆடாத பிரிட்ஜ் நல்லது. ஸ்ட்ராட் மாதிரி சாதாரண ஆடும் பிரிட்ஜ்னா, ஆரம்பத்துல அதை ஆடாம இறுக்கி வைக்கச் சொல்லுங்க.

மூணு, பரீட்சை. 12-வது ஃப்ரெட் பரீட்சை மேலயே சொல்லிட்டேன். கொஞ்சம் விலகினா பிரிட்ஜ்ல இருக்கிற திருகுல சரி பண்ணிடலாம், கழுத்தே முறுக்கியிருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அடுத்து, கழுத்தோட கடைசிப் பகுதியில கம்பியை இழுத்துப் பாருங்க. சத்தம் பாதியில சாகக்கூடாது. உள்ளங்கையைக் கழுத்து ஓரமா ஓட்டிப் பாருங்க. ஃப்ரெட் நுனி கையைக் கீறக்கூடாது. வாசிக்கத் தெரியாத அப்பனும் செய்யக்கூடிய பரீட்சைங்கதான் இதெல்லாம்.

நாலு, காசைப் பிரிக்கிறது. பத்து ரூபாய் இருந்தா ஆறு கிடாருக்கு, மூணு ஆம்புக்கு, ஒண்ணு செட்டப்புக்கும் கம்பிக்கும். பாதி சத்தம் ஆம்ப்லதான் இருக்கு. பிளாட்டுக்கு 10, 15 வாட் தாராளம். ஹெட்போன் ஓட்டை இருக்கான்னு பார்த்துக்குங்க, பக்கத்து வீட்டு உறவு கெடாது. செட்டப்ங்கிறது கழுத்துக்குள்ள ஓடற இரும்புக் கம்பியை முறுக்கி வளைவைச் சரி பண்றது, கம்பி உயரத்தைக் கொறைக்கிறது, சுருதி நிக்க வைக்கிறது. புது கிடாருக்கும் இது வேணும். ஆரம்பத்துக்கு 9-ம் நம்பர் மெல்லிசுக் கம்பி போட்டா இழுக்க சுலபம்.

கடையில மூணு கிடாரை எடுத்து வச்சாங்க. ஃபெண்டரோட மலிவு வகையான ஸ்க்வயர்ல சோனிக் ஸ்ட்ராட், யமஹா பசிஃபிகா 012, கிப்சன் வீட்டைச் சேர்ந்த எபிஃபோன்ல ஒரு லெஸ் பால். மூணுமே ஆரம்பக்காரங்களுக்குப் பேர் சொல்ற சாமான். எபிஃபோன்ல கம்பி நீளம் 24¾ அங்குலம், மத்த ரெண்டும் 25½. நீளம் கொறைஞ்சா கம்பி கொஞ்சம் தொளதொளன்னு இழுக்க வரும். நான் வாயைத் திறக்கப் போனேன். மேனேஜர் கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டார். "கலர் பார்க்காதே, கண்ணை மூடிக்கோ"ன்னு அவகிட்ட சொன்னார்.

ஒவ்வொண்ணையும் மடியில வச்சு வாசிச்சா. பாட்டு ஒண்ணும் தெரியாதே, சும்மா சுரம்தான். மூணாவதா பசிஃபிகா. மூணாவது கம்பியைப் பிடிச்சு, மெதுவா தள்ளி, ஒரு முழு சுரம் ஏத்தி, அங்க நிறுத்தி லேசா ஆட்டினா. சொல்லிவச்ச மாதிரி சுரம் அந்த இடத்துலயே நின்னுச்சு. கடைக்காரர் கணக்கு எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்தார். "எத்தனை வருசமா வாசிக்கிறா?"ன்னு மேனேஜர் என்னைக் கேட்டார். கிடார் கத்துக்கிற பசங்க இழுத்த கம்பியைச் சரியான சுரத்துல நிறுத்தவே ரொம்ப நாள் திண்டாடுவாங்களாம். எம் பொண்ணுக்கு அது ஆறு வருசத்து வீணை. ஆர்.எஸ்.புரத்துல சாயங்காலம் சாயங்காலம் தரையில உக்கார்ந்து படிச்சது. எங்கேயும் போகலைங்க, அவ விரல்லயே இருந்திருக்கு. நான் வாங்கிக் கொடுத்த சிவப்பு ராக்கெட்தான் அதை வெளிய விடலை.

கண்ணைத் திறந்து, "இதுப்பா"ன்னா.

கிடார், சின்ன ஆம்ப், கேபிள், செட்டப் எல்லாம் சேர்த்து 27,000 சொச்சம். 2023 டிசம்பர் விலை. நெனச்சதை விட ரெண்டாயிரம் கூட. மெட்ரோல வர்றப்ப பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தா. எஸ்பிளனேட் தாண்டினதும், "அன்னிக்குக் கத்தினது தப்பு கண்ணு"ன்னு சொன்னேன். "பரவால்லப்பா"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "வீணையை எப்பப்பா எடுத்துட்டு வரலாம்?"

அடுத்த மே மாசம் நானே போய், ஏ.சி. கோச்சுல, என் பெர்த்துல அதைப் படுக்க வச்சு, நான் உக்கார்ந்துக்கிட்டே கொண்டு வந்தேன். இப்ப ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கு. மழைக்காலத்துல கம்பி துருப்பிடிக்காம தொடச்சு வைக்கிறதும், மழைக்கு ஒண்ணு பனிக்கு ஒண்ணுன்னு வருசத்துக்கு ரெண்டு தரம் கிடாரைப் பெரியவர்கிட்ட காட்டிட்டு வர்றதும் என்னோட டிபார்ட்மென்ட்.

அந்த சிவப்பு ராக்கெட்டா? இன்னும் பரண் மேலதான் கிடக்கு. எங்க கீழ் வீட்டுக்காரர் தன் பையனுக்குன்னு ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். தங்கமணி, "குடுத்துத் தொலைங்க, எடமாவது மிச்சம்"ன்னா. பையனுக்குப் பன்னெண்டு வயசுங்க. மாட்டேன்னுட்டேன். பரீட்சை முடியட்டும், ஒரு சனிக்கிழமை அவரையும் பையனையும் கூட்டிக்கிட்டு லால்பஜார் போறதா இருக்கேன்.