கரிசல் காட்டுக்கு வந்த புழு... காட்டிக்கொடுத்த டி.என்.ஏ!

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் கரிசல் காடுதான். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழை விழுந்ததும் செருப்போடு அப்பிக்கொள்ளும். பெரும்பாலும் மானாவாரி. வருஷத்துக்கு ஒரு பருவமழை, ஒரு வெள்ளாமை. கம்பும் பருத்தியும் நின்ற பல காடுகளில் இப்போது மக்காச்சோளம்.

2018-ல் அந்த ஒரு வெள்ளாமைக்குள்தான் படைப்புழு புகுந்தது. குருத்துக்குள் ஒளிந்துகொண்டு இலைகளைச் சல்லடையாக்கியது.

இதன் பூர்விகம் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டி, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். குட்டிப் புழுவாக இருக்கும்போது, நம்மூர்ப் புகையிலைப் புழுவிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். அங்கேதான் டி.என்.ஏ. பார்கோடு கைகொடுத்தது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு மையம் அதை வைத்துப் புழுவை உறுதிசெய்தது.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் கோடுகள் மாதிரிதான் இதுவும். 2003-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் முன்வைத்த முறை. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகள் கொண்ட துண்டைப் படிக்கிறார்கள். இனம் மாறினால் அந்த எழுத்து வரிசையும் மாறும். ஒரு முட்டையோ, அந்துப்பூச்சியின் ஒடிந்த காலோ போதும்.

இதற்கும் எல்லை உண்டு. படைப்புழுவில் நெல் வகை, மக்காச்சோள வகை என இரண்டு. இந்திய மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் பார்கோடு 'நெல் வகை' என்றது. புழு தின்றதோ மக்காச்சோளம்! பார்கோடு மரபணு தாய்வழியில் மட்டும் வருவது. வேறொரு மரபணுவைப் பார்த்தபோது மக்காச்சோள வகையின் அடையாளம் தெரிந்தது. ஆக, பார்கோடு இனத்தைச் சொல்லும். குணத்தை முழுதாகச் சொல்லாது.

சரி, பெயர் தெரிந்து விவசாயிக்கு என்ன லாபம்? இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் மருந்து, அந்தந்த இனத்து ஆண் பூச்சியைத்தான் இழுக்கும். புகையிலைப் புழுவுக்கான மருந்தை வைத்தால் படைப்புழுப் பூச்சி எட்டிப் பார்க்காது.

வளர்ந்த புழு என்றால் கண்ணே போதும். தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்', வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். சந்தேகம் என்றால், கோவில்பட்டியிலேயே 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டு, பயிர் முளைத்த நாள் முதல் குருத்தைப் பிரித்துப் பார்த்து வந்தால், அந்த ஒரு வெள்ளாமையைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு.