நீர் காத்த அய்யனார் மலையடியில் ஒரு வரலாற்றுப் பாடம்

இராஜபாளையத்திலிருந்து மேற்கு நோக்கிச் சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் அய்யனார் கோவில் வரும். ஊரைக் கடந்ததும் பஞ்சாலைகளின் இரைச்சல் ஓய்ந்துவிடுகிறது. இருமருங்கும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. வழியில் நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். 2021ஆம் ஆண்டு முதல் இம்மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது; ஆகவே வனத்துறையினரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே உள்ளே செல்லலாம். மலைமேல் மழை பெய்தால் ஆற்றில் திடீரென வெள்ளம் புரண்டு வரும். அந்நாள்களில் எவரையும் விடமாட்டார்கள். விடாதிருப்பதே நல்லது.

ஆற்றங்கரையில் குடிகொண்ட தெய்வத்திற்கு நீர் காத்த அய்யனார் என்று பெயர். குளத்தையும் ஆற்றையும் ஊர் எல்லையையும் காப்பவர் அய்யனார். வாளேந்திக் குதிரைமேல் இரவெல்லாம் காவல் சுற்றுகிறார் என்பது நம் நாட்டுச் சிற்றூர் மக்களின் நம்பிக்கை. நம் விசுவாசம் வேறு. எனினும் அயலாரின் பக்தியை மதித்து நோக்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்குக் கற்பித்தது. அவ்வாறு நோக்கும்போது ஒன்று புலனாகிறது. படையெடுப்பும் கொள்ளையும் ஓயாத நிலத்தில்தான் எல்லைக் காவலனின் கையில் வாள் வேண்டியிருக்கும். போரின் நினைவை இம்மக்கள் ஏட்டில் எழுதுமுன்னரே எல்லையில் நட்டு வைத்துவிட்டார்கள்.

இந்நிலம் போரை நன்கறிந்த நிலம். மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே போகப் போகச் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் என்று பாளையக்காரர்களின் ஊர்கள் தொடர்ந்து வரும். 1755இல் கர்னல் ஹெரானின் படை வரி கேட்டு வந்தபோது நெற்கட்டும்செவல் புலித்தேவர் பணிய மறுத்தார். 1761இல் அவருடைய கோட்டைகளைப் பிடித்தவர் கும்பினியாரின் தளபதி யூசுப்கான். அந்த யூசுப்கானும் இதே தென்னாட்டு மண்ணில் பிறந்தவரே. பின்னர் அவரே ஆற்காட்டு நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்து நின்று, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். ஒரு தலைமுறைக்கு மேலாக இச்சீமையில் இரத்தம் சிந்தப்பட்டது.

இவையெல்லாம் இன்று நம் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் உள்ளன. நாங்கள் படித்த காலத்தைவிட விரிவாகவே உள்ளன; வேலு நாச்சியாரும் குயிலியும் உரிய இடம் பெற்றிருக்கிறார்கள். அரசுப் பாடநூலின் முத்திரையில் உள்ள கோபுரம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று இவ்வட்டாரத்தார் பெருமையுடன் சொல்வர். அம்முத்திரை தாங்கிய நூலில் தம் பக்கத்து ஊரின் பெயரைக் காணும் சிறுவனுக்கு மகிழ்ச்சி இராதா?

சென்ற ஆண்டு மறைக்கல்வி மாணவர் சிலரை இவ்வாற்றிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். குளித்துக் கரையேறிய ஒருவன், தெற்கே கைகாட்டி, புலித்தேவர் கதையைப் பிசகின்றி ஒப்புவித்தான். முடித்துவிட்டு, “அவர் எங்க ஆளு, சாமி” என்றான். மற்றொருவன் விடுவானா? கட்டபொம்மன் படையில் வெடிமருந்துக் கிடங்கிற்குள் பாய்ந்து உயிர் துறந்த சுந்தரலிங்கத்தின் பெயரைச் சொல்லி, “அவர்தான் எங்க ஆளு” என்றான். இருவரின் மணிக்கட்டிலும் வெவ்வேறு வண்ணக் கயிறுகள். இருவரும் ஒரே பீடத்தில் பூசைக்கு உதவுகிறவர்கள். “அவரை எதிர்த்து வந்த படையில் இருந்தவர்கள் யார் ஆட்கள்?” என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வெள்ளைக்காரங்க, சாமி.” அதிகாரிகள் வெள்ளையர், ஆனால் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களில் மிகப் பலர் நம் நாட்டவரே என்றும், 1799இல் எட்டயபுரத்தார் கும்பினியாரின் பக்கம் நின்றனர் என்றும் சொன்னபோது, அவர்கள் முகத்தில் கண்டது வியப்பு அன்று, ஏமாற்றம்.

இதைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி இம்மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் கலவரம் மூண்டது, உயிர்கள் மாய்ந்தன. முடிவில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கிவிட்டது. நம் மாவட்டம் காமராசரின் பெயரை இழந்ததும் அப்போதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையில், மாணவர் சாதிக் கயிறு அணிவதைத் தடுக்குமாறு பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடலாம். அந்தக் கயிற்றுக்கு வரலாற்றுப் பாடம் நூலாகிவிடாதபடி காப்பது யார்? வீரத்தை மட்டும் கற்பித்து, போரில் நாம் இருபுறமும் நின்றோம் என்பதைக் கற்பியாமல் விட்டால், பிள்ளை தன் பங்கு வீரனை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான்.

அன்று அப்பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்டேன்: “நெருக்கடி நிலை என்றால் என்ன?” 1799 தெரிந்தவர்களுக்கு 1975 தெரியவில்லை.

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நம் நாட்டில் அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்தன. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்குப் பின்னரே அச்சேறின. 1976 ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. சென்னைச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். அக்கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அந்த ஓராண்டில் மட்டும் நாடெங்கும் சுமார் 80 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் வற்புறுத்திச் செய்தவை எத்தனையோ! சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாடவும் உரிமையில்லை என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தபோது, ஐவருள் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. ஒரு பிள்ளை அறியத்தக்க வீரன் இவரல்லவா? இவர் கையில் வாளும் இல்லை. இவரை எங்கள் ஆள் என்று எவரும் உரிமை கொண்டாடவும் இல்லை.

மத்திய பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் நூல், 2007இல், இக்காலத்தைத் தனி அத்தியாயமாகவே எடுத்துரைத்தது. பாராட்டத்தக்க துணிவு அது. 2022இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அவ்வத்தியாயத்திலும் சில பக்கங்களை எடுத்தார்கள். 2002 குஜராத் கலவரம் பற்றிய பக்கங்களும் அதே கத்திரிக்கு இரையாயின. அந்நூல்களின் தலைமை ஆலோசகர்களாயிருந்த இரு பேராசிரியர்கள் 2023இல் தங்கள் பெயரை நீக்குமாறு எழுதிக் கேட்டார்கள். கட்சிகளைப் பற்றி எழுதுவது இவ்விதழின் வேலை அன்று. ஆனால் எவர் ஆண்டாலும் அடுத்தவர் காலத்துப் பாவம் பெரிய எழுத்திலும் தம் காலத்துப் பாவம் பொடி எழுத்திலும் அச்சாவதை நாம் கண்டு வருகிறோம்.

விவிலியம் படிக்கும் நமக்கு இது புதிதன்று. தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்த செய்தியைச் சாமுவேல் நூல் ஒளியாமல் கூறுகிறது. அதே அரசனின் வரலாற்றை மீண்டும் எழுதும் குறிப்பேடு நூலிலோ, அரசன் எருசலேமில் தங்கியதும் நகரைப் பிடித்ததும் உண்டு. இடையிலிருந்த அப்பாவம் இல்லை. ஆக, பாடச்சுமையைக் குறைக்கும் கலை பழமையானதே! திருச்சபை இரு நூல்களையும் வைத்துக்கொண்டது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்கவில்லை.

பகைவராயிருந்த இரு நாடுகள் சேர்ந்து ஒரு பாடநூல் எழுத முடியுமா? எழுதினார்கள். ஜெர்மானியப் படைகளால் சிதைந்த போலந்து நாட்டின் ஆயர்கள் 1965 நவம்பரில் ஜெர்மன் ஆயர்களுக்கு, தாங்கள் மன்னிப்பதாகவும் தங்களுக்கும் மன்னிப்பு வேண்டுவதாகவும் எழுதினார்கள். துன்புற்றவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று அவர்கள் நாட்டிலேயே கடுங்கோபம் எழுந்தது. ஆனால் 1972இல் இரு நாட்டு அறிஞரும் கூடிப் பாடநூல்களை ஆராயும் குழு அமைந்தது. 2016க்கும் 2020க்கும் இடையே இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான வரலாற்று நூல் நான்கு பாகங்களாக வெளிவந்தது. ஒரு கடிதத்திலிருந்து ஒரு நூல் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்.

அரசைச் சொல்லுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். வடக்கன்குளம் ஆலயத்தில் ஒரே திருப்பலி காண வந்த மக்களைச் சாதியால் பிரித்து நின்ற சுவரைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது எழுந்த வழக்குகளைப் பற்றி? திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக 2000 மார்ச் 12 அன்று புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினாரே, அதை நம் ஞாயிறு மறைக்கல்வியில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

தேர்வு நெருங்கும் வேளையில் பெற்றோர் பிள்ளையிடம் ஆண்டுகளை ஒப்புவிக்கச் சொல்கிறார்கள், நல்லது. அதோடு, “இந்தப் போரில் அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்?” என்றும் கேட்கலாம். நூலில் விடை இராது. வீட்டிலுள்ள பாட்டியிடம் இருக்கக்கூடும். 1976ஐக் கண்ட பெரியவர்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்பாரில்லை.

டிசம்பர் 17 அன்று திருப்பலியில் ஆண்டவருடைய தலைமுறை அட்டவணை வாசிக்கப்படும். பெயர்கள் நீண்டுகொண்டே போவதால் சிறுவர்கள் நெளிவார்கள், பெரியவர்களும்தான். தாவீதுக்கும் சாலமோனுக்கும் இடையே செவிசாய்த்துக் கேளுங்கள். அவ்விடத்தில் பத்சேபாவின் பெயரை மத்தேயு எழுதவில்லை. உரியாவின் மனைவி என்றே எழுதியிருக்கிறார்.