கரையில் 61 நாள்

மும்பை வொர்லி கோளிவாடாவில் ஜூலை மழை நிதானமாகப் பெய்கிறது. பழைய கோட்டையை ஒட்டி, தார்ப்பாய் போர்த்திய படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் எந்திரப் படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பதற்கான தடை. கோளி மீனவர்களுக்கோ, நாள் தவறாமல் வீட்டில் இருக்கக் கிடைக்கும் காலம்.

ஓய்வு என்றால் சும்மா இருப்பதல்ல. ஆண்கள் கிழிந்த வலைகளைத் தைக்கிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். பெண்கள் கோடையில் காயவைத்த போம்பில் கருவாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். கையில் காசு குறைவுதான். ஆனால் விடியற்காலை டீ குடிக்கும்போது அப்பா வீட்டில் இருக்கிறார்.

அடுத்த பருவம் பற்றிய கவலையும் அந்த டீயோடு சேர்ந்தே வருகிறது. எதிரே கடலில் கடற்கரைச் சாலைப் பாலம். தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி என்பதுதான் முதல் திட்டம். அலை புரளும் நாளில் படகுகள் தூணில் மோதும் என்று மீனவர்கள் போராடினார்கள். 2022 இறுதியில் அரசு 120 மீட்டருக்கு இறங்கிவந்தது. அவர்கள் கேட்டது 200.

நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் பௌர்ணமிதான் இவர்களின் நாரளி பூர்ணிமா. கடலுக்குத் தேங்காய் கொடுத்து, சீற்றம் தணிய வேண்டிக்கொள்வார்கள். தடை முடிந்த பிறகும் இந்தப் பூஜைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அன்று கரையெங்கும் ஆட்டமும் பாட்டும். அடுத்து வரும் விடியலில் பல வீடுகளில் ஒரு டீ கிளாஸ் குறையும்.