படகு முன்னே போனது

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக ஜப்பானுக்கு அழைத்துப் போவதற்கென்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. ஒரே நிறச் சட்டை, விமான நிலையத்தில் தலை எண்ணிக்கை, கியோட்டோவில் கோயில், டோக்கியோவில் அருங்காட்சியகம், நடுவே ஒரு பள்ளி, கடைசி நாளில் கொஞ்சம் கண்ணீர். 2014-இல் தொடங்கிய ‘சகுரா சயின்ஸ்’ திட்டத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள்கூடப் போய் வந்திருக்கிறார்கள். முதலில் பயணம், அதற்குப் பிறகுதான் நட்பு. இதுவே வழக்கமான வரிசை.

டெல் நோர்ட் உயர்நிலைப் பள்ளிக்கு அந்த வரிசை தலைகீழாக அமைந்தது.

கலிபோர்னியாவின் வடகோடியில், ஆரிகன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது கிரெசன்ட் சிட்டி. அந்தப் பள்ளி இருக்கும் சின்னத் துறைமுக ஊர். 2013 ஏப்ரலில் ஒருநாள் அதன் கரையில் ஒரு படகு ஒதுங்கிக் கிடந்தது. 20 அடி நீளம் இருக்கும், உடம்பெல்லாம் கொட்டலசு. சுரண்டிப் பார்த்த இடத்தில் ஜப்பானிய எழுத்துகள் தெரிந்தன. ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் அப்போது சுனாமியை ஆராய்ந்துவந்த புவியியலாளர் லோரி டெங்லர் அவற்றின் படங்களை முகநூல் வழியாக ஜப்பானுக்குச் சேர்த்தார். ரிக்குசென்தக்காதா நகரிலிருந்து பதில் வந்தது: இது எங்கள் ஊர் தக்காதா உயர்நிலைப் பள்ளியின் படகு. கடல்சார் பாடம் படிக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் படகு. பெயர் ‘கமோமே’, அதாவது கடற்புறா. சாண்டில்யனின் வாசகருக்குப் படகுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது.

2011 மார்ச் 11-ஆம் தேதி கிளம்பிய படகு அது. அன்று வந்த சுனாமியில் ரிக்குசென்தக்காதாவின் நகர நடுப்பகுதி முழுக்கக் கடலோடு போனது. கரையோரம் நின்ற சுமார் 70,000 பைன் மரங்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் வேரில் ஏறிய உப்பால் மறு ஆண்டே பட்டுப்போக, பதப்படுத்தி நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள். பள்ளிக் கட்டடமும் தப்பவில்லை. படகு மட்டும் ஆளில்லாமல் இரண்டு வருடம் பசிபிக்கில் மிதந்து, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு பள்ளி இருக்கும் ஊரில் கரையேறியது.

அந்த ஊரும் அலைக்குப் புதிதல்ல. 1964-இல் அலாஸ்காவில் 9.2 அளவில் நிலம் நடுங்கியபோது கிரெசன்ட் சிட்டியில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். முதல் அலைகள் வந்து போனதும் ஆபத்து முடிந்ததென்று நினைத்துக் கடையையும் வீட்டையும் பார்க்கத் திரும்பியவர்களைத்தான் நான்காவது அலை பிடித்தது. 2011-இலும் அதே ஜப்பானிய அலை வந்து துறைமுகத்தை நொறுக்கிப் போட்டது. ‘சுனாமி’ என்றால் ஜப்பானிய மொழியில் துறைமுக அலை. ஆழிப்பேரலை என்று நல்ல தமிழ்ச் சொல் இருந்தும், 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் ‘சுனாமி’ என்ற சொல்தான் தங்கிவிட்டது. எந்தக் கரையில் நின்று சொன்னாலும் பொருள் விளங்கிவிடுகிறது.

டெல் நோர்ட் மாணவர்கள் சிலர் படகைத் தாங்களே சுத்தம் செய்து தருவதாக முன்வந்தார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். கொட்டலசு ஒட்டுவது சிமெண்டு பூசியதுபோல. படகைக் கரையில் ஏற்றி அடியைச் சுரண்டும் மீனவரைக் கேட்டால் தெரியும், விரல் கிழியாமல் அந்த வேலை முடியாது. முகம் தெரியாத யாரோ ஒரு வகுப்பின் படகுக்காக இந்தப் பிள்ளைகள் அதைச் செய்தார்கள். நல்லிணக்க உரை எதையும் அவர்கள் அதுவரை கேட்டிருக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் கமோமே கப்பலேறி வீடு திரும்பியது.

2014-இன் தொடக்கத்தில் மாணவர்களும் பின்னாலேயே போனார்கள். ஜப்பானில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஊரிலிருந்து எடுத்துவரும் பண்டத்துக்கு ‘ஓமியாகே’ என்று பெயர். இந்தக் குழு கொண்டுவர வேண்டியது இவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மற்ற குழுக்களைப்போல ‘நாம் நண்பர்கள்’ என்று ஆரம்பிக்கும் சங்கடம் இவர்களுக்கு இல்லை.

வேறு சங்கடம் இருந்தது. அப்போது ரிக்குசென்தக்காதா ஒரு வெற்று வெளி. பல குடும்பங்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தன. தக்காதா மாணவர்கள் பக்கத்து ஓஃபுனாத்தோவில் இரவல் கட்டடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தார்கள்; புதுக் கட்டடம் 2015-இல்தான் வந்தது. வீடும் உறவும் போன பதினாறு வயதுப் பிள்ளையிடம் இன்னொரு பதினாறு வயது என்ன பேசும்? பேசுவதற்கான மொழியும் பாதிதான். பரிமாற்றப் பயணங்களை ஏற்பாடு செய்யும் பெரியவர்கள் இந்த இடத்தில் பயந்து, நிகழ்ச்சி நிரலை நிரப்பிவிடுவார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இனிப்பையும் செருப்பையும் பற்றிப் பேசித்தான் உள்ளே நுழைகிறார்கள். அது ஒன்றும் குறைவில்லை.

செருப்பு என்றால் உண்மையாகவே செருப்பு. ஜப்பானியப் பள்ளியில் வெளிச் செருப்பை வாசல் அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ள வேறு எடுக்க வேண்டும். பாடம் முடிந்தால் மாணவர்களே துடைப்பமும் துணியுமாக வகுப்பறை, நடைபாதை எல்லாம் சுத்தம் செய்வார்கள். தண்டனைக்காக அல்ல, தினப்படி வேலையாக. வெளிநாட்டிலிருந்து வரும் குழுக்கள் இதைப் படம் எடுத்துக்கொண்டு போகும். கொட்டலசு சுரண்டிய கைகளுக்கு அதில் வியப்பைவிட ஒற்றுமைதான் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இப்படிப் போய்வரும் ஒரு வாரத்தில் ஒரு நாடு புரிந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இது அந்த வாரத்தோடு நிற்கவில்லை. கமோமேயின் கதை ஆங்கிலமும் ஜப்பானியமும் சேர்ந்த படப் புத்தகமாக வந்தது. 2018-இல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாயின. தக்காதா மாணவர்களும் கிரெசன்ட் சிட்டிக்கு வந்தார்கள்.

மெரினாவில் வளர்ந்தவருக்குப்போல, ஜப்பானின் அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கும் கடல் என்றால் சூரியன் எழும் திசை. கிரெசன்ட் சிட்டியில் அதே பசிபிக், அதே நீர். மாலையில் சூரியன் அதற்குள் இறங்கும், அவர்கள் ஊர் இருக்கும் பக்கமாக.