அகழி சூழ்ந்த அரசன் மனை

சென்ற ஆண்டு, இலண்டனில் வாழும் என் தமக்கையாரைக் காண அன்னையாரோடு செல்லும் பேறு கிட்டியது. ஒரு நாள் காலை பெர்மண்ட்சி நிலையத்தில் இறங்கி, தேம்ஸ் நதியை நோக்கி நடந்தோம். அங்கே ஒரு புல்வெளி. அதனிடையே தாழ்ந்த கற்சுவர்கள். "இதைக் காணவா இவ்வளவு தூரம் அழைத்து வந்தாய்?" என்றார் அன்னையார்.

அவை, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு 1350களில் கட்டிய மாளிகையின் எச்சங்கள். முற்றத்தைச் சூழக் கட்டடங்கள். மூன்று புறம் அகழி. வடபுறம் மட்டும், மன்னர் படகில் வந்திறங்க வசதியாக, நதியை நோக்கித் திறந்திருந்தது. இன்றோ நதிக்கும் சுவருக்கும் இடையே சாலை ஓடுகிறது.

அகழி என்றதும் நமக்குக் கோட்டையும் போருமே நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் இத்தகைய அகழி மனைகள் ஏறத்தாழ 6,000 அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகுதியானவை 1250க்கும் 1350க்கும் இடையே தோன்றியவை. பகைவரைத் தடுப்பதினும், உள்ளே வாழ்பவரின் செல்வாக்கை ஊரார்க்கு உணர்த்துவதே பல அகழிகளின் நோக்கம் என்பர் ஆய்வாளர்.

அச்செல்வாக்கு நிலைத்ததா? மன்னருக்குப் பின் மனை கைமாறியது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே மட்பாண்டத் தொழில் நடந்தது; பின்னர் பண்டகசாலைகள் எழுந்தன. அவையும் இடிபட்ட பின்னர், 1980களில் அகழ்ந்தபோதே அரசன் மனை வெளிப்பட்டது.

தந்தையாரும் இரயில்வேப் பணியாளர். மாற்றல் உத்தரவு வருந்தோறும் குடியிருப்பைக் காலி செய்தே வாழ்ந்த அன்னையாருக்குச் சொந்த வீடு இல்லையென்ற ஏக்கம் என்றும் உண்டு. "அரசனுக்கும் வீடு நிலைக்கவில்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

சாலைக்கு அப்பால், ஆற்றோரத்தில், இப்பகுதி ஏழைகளிடையே வாழ்ந்து தொண்டாற்றிய மருத்துவர் ஆல்பிரடு சால்டரின் சிலை இருக்கையில் அமர்ந்திருக்கிறது. எதிரே, 1910இல் எட்டு வயதில் செங்காய்ச்சலால் மாண்ட அவருடைய ஒரே மகள் ஜாய்சின் சிலை. 2011இல் மருத்துவரின் சிலை களவு போயிற்று. மக்கள் நன்கொடை திரட்டினர், நகராட்சியும் உதவிற்று. 2014இல் புதிய சிலை எழுந்தது; அவர் மனைவி ஏடாவுக்கும் அருகில் ஒரு சிலை வைத்தனர்.

அன்னையார் மருத்துவரின் பக்கத்தில் அமர்ந்து, அச்சிறுமியையே நெடுநேரம் நோக்கியிருந்தார். புறப்படலாமா என்றேன். "இன்னும் சற்று இருப்போம்" என்றார். திரும்பும் வழியில் சொந்த வீட்டைப் பற்றி அவர் பேசவில்லை.

இலண்டன் செல்லும் அன்பர்கள் இவ்விடத்தையும் ஒருமுறை கண்டு வருக. கட்டணம் ஏதுமில்லை.