தரங்கம்பாடியில் ஒரு கோலி சோடா

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள், மீதிப் பேர் காற்று வாங்க வருகிறார்கள். இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தார்கள். அன்றிலிருந்து டேன்ஸ்போர்க் கோட்டை மதில் ஓரம் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடும் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஓசோன் உண்மையிலேயே அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்கு ஆகாது. அதைச் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்!

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு வாயுக் கதை உண்டு. அது காற்றில் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். தரங்கம்பாடி என்று சொல்ல நாக்கு வளையாமல் அவர்கள் ‘டிராங்கேபார்’ ஆக்கிய பெயர் மட்டும் ஓர் இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணெய் தேடுகிறவர்களின் வரைபடத்தில்! காவிரிப் படுகையின் அடியில் இருக்கும் பாறைப் பள்ளங்களில் ஒன்றுக்கு டிராங்கேபார் என்றுதான் பெயர். பாறை அடுக்குகளின் பெயர்கள் இன்னும் வேடிக்கை. நன்னிலம், குடவாசல், புவனகிரி... டைனோசர் காலத்துப் பாறைகளைப் பற்றிய அறிக்கையைப் படித்தால், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவது போலவே இருக்கும்.

இந்தப் பாறைகளுக்குள்தான் எண்ணெய் இருக்கிறது. 1960-களில் தேடத் தொடங்கினார்கள். 1980-களில் நாகூருக்கு மேற்கே நரிமணத்தில் கிடைத்தது. 1993-ல் அங்கேயே ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அடியக்கமங்கலம், கமலாபுரம், கோயில்களப்பால், குத்தாலம் என்று நெல் வயல்களுக்கு நடுவே கிணறுகள் முளைத்தன.

எண்ணெய்க் கிணறு என்றதும் அடியில் ஏரி போல எண்ணெய் தேங்கி நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. செங்கல்லில் தண்ணீர் ஊறியிருப்பது போல, பாறையின் நுண்ணிய துளைகளில் அது ஊறிக் கிடக்கிறது. முதலில் பூமியின் அழுத்தத்திலேயே கொஞ்சம் மேலே வரும். பிறகு தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ளினால் இன்னும் கொஞ்சம் வரும். அதற்குமேல் அடம்பிடிக்கும். பல வயல்களில் பாதிக்கும் மேலான எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது. பிசுக்கு ஏறிய வாணலியை வெறும் தண்ணீரால் கழுவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்தப் பிசுக்கை இளக்கத்தான் கரியமில வாயு.

கடற்கரையில் வெயிலுக்கு ஒரு கோலி சோடா வாங்கினால் பாதிப் பாடம் கையிலேயே இருக்கிறது. அழுத்தம் கொடுத்தால் கரியமில வாயு திரவத்துக்குள் கரைந்து அடங்கும். கோலியைத் தட்டினால் பொங்கும். பூமிக்கு அடியில் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் செலுத்தும்போது அது எண்ணெயோடு கலந்துவிடுகிறது. எண்ணெய் உப்பி, நீர்த்து, துளைகளை விட்டு நகர்ந்து அடுத்த கிணற்றுப் பக்கம் வருகிறது. கூடவே மேலே வரும் வாயுவைப் பிரித்து மறுபடியும் உள்ளே அனுப்புவார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 1972-லிருந்து பெரிய அளவில் இது நடக்கிறது. ஆனால் அங்கே இதற்குப் பயன்படுவதில் பெரும்பகுதி ஆலைப் புகை அல்ல. நிலத்தடியில் இயற்கையாகவே அடைந்துகிடந்த கரியமில வாயுவைத் தோண்டி எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். பூமியைக் காக்கும் தொழில்நுட்பம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்தியாவில் இந்த முயற்சிக்குத் தேர்வான இடம் குஜராத்தின் காந்தார் எண்ணெய் வயல். கொயாலி சுத்திகரிப்பு ஆலையின் வாயுவைப் பிடித்து அங்கே செலுத்த, 2019 ஜூலையில் ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் ஒப்பந்தம் போட்டன. வாயுவைப் பிடிப்பது நமக்கும் புதிதல்ல. தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்து சோடா உப்பு செய்யும் ஏற்பாடு 2016-லேயே வந்துவிட்டது.

தரங்கம்பாடிப் பக்கம் வாயுவுக்கு எங்கே போவது? சில கிலோமீட்டர் வடக்கே, திருக்கடையூரை அடுத்த பிள்ளைப்பெருமாள்நல்லூரில் 330 மெகாவாட் மின்நிலையம் ஒன்று 2001-ல் வந்தது. ஆனால் எரிவாயு மின்நிலையப் புகையில் நூற்றுக்கு நாலு பங்கு அளவுதான் கரியமில வாயு. பிரித்தெடுக்கச் செலவு கையைக் கடிக்கும். சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் பிரிவில் அது அடர்த்தியாகக் கிடைக்கும். நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவில் புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருப்பதால், கேள்வி ஒருநாள் இங்கேயும் வந்து நிற்கலாம்.

வந்தால் டெல்டா என்ன சொல்லும்?

2017 ஜூன் 30-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. ஊரே திரண்டு மறித்தது. தடியடி, கைது என்று அது முடிந்தது. அதன்பிறகு 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே இயங்கியவற்றைத் தொடவில்லை. பழைய கிணற்றில் புதிதாகக் கரியமில வாயுவைச் செலுத்தினால் அது பழைய திட்டமா, புதிய திட்டமா? எண்ணெய்க் கம்பெனிக்கு ‘புதிதாகத் தோண்டாமலே கூடுதல் எண்ணெய்’ என்பது இனிக்கும். குழாய் போகும் வயலுக்குச் சொந்தக்காரருக்கு இனிக்குமா?

சோடா நாக்கில் சுரீரென்று இருப்பதற்குக் காரணம், அந்த வாயு தண்ணீரோடு சேர்ந்து லேசான அமிலம் ஆவதுதான். அதே அமிலம் பழைய கிணறுகளின் இரும்பையும் சிமெண்டையும் அரிக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே, 2020 பிப்ரவரி 22-ல் கனமழையில் மண் சரிந்து, கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான இடத்தில் படிந்தது. ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்களே நின்றுபோயின. 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஐப்பசி மழையில் மூழ்கும் தாழ்வான டெல்டாக்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய சம்பவம் இது.

கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்க அனுபவத்தில், இந்த முறையில் ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க 300 முதல் 600 கிலோ கரியமில வாயு உள்ளே போகிறது. அதே பீப்பாயை எரித்தால் 400 கிலோவுக்கு மேல் வெளியே வருகிறது. ஆலைப் புகையைப் பிடித்து அனுப்பினால், வெறுமனே தோண்டி எடுப்பதைவிட இது மேல்தான். ஆனால் ‘பசுமை எண்ணெய்’ என்று பெயர் சூட்டும் அளவுக்கு லாபக் கணக்கு இல்லை.

கோட்டைக்குச் சற்று வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கல்லைப் போட்டுத் தடுத்து, மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஓசோன் தேடி வருகிறவர்கள் இங்கேயும் பத்து நிமிஷம் நிற்கலாம்.

திரும்பும்போது நேரம் இருந்தால் காரைக்கால், நாகூர் வழியாக நரிமணம் பக்கம் போய் வரலாம். எண்ணெய்க் கிணற்றின் வாயில், வால்வுகள் கிளை கிளையாகப் பொருத்திய இரும்புத் தூண் இருக்கும். தொழிலில் அதற்குப் பெயர் ‘கிறிஸ்துமஸ் மரம்’. 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரைக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மரம்! கம்பி வேலிக்குள் அது நிற்கும். வேலிக்கு வெளியே, நாலு பக்கமும் சம்பா.