காறையெலும்பு

நவம்பர் 17
மார்பெலும்பிலிருந்து தோள் வரை மெல்லிய வளைவாகச் செல்லும் காறையெலும்பு ஒன்றே கையை உடற்கூட்டோடு எலும்பால் பிணைப்பதால், தோள் தரையில் மோத விழுவோரின் உடலுக்குள் அடியின் விசை அதன் வழியே பாய்கிறது. முறிவதும் பெரும்பாலும் அதன் நடுப்பகுதியே. நீலாங்கரையில் மழைநீர் மூடிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி விழுந்த இம்மிதிவண்டியாளருக்கும் இடப்பக்கம் அவ்விடமே முறிந்திருக்கிறது. அறுவை தேவைப்படாதது பெரும் ஆறுதல்.

டிசம்பர் 2
இடப்புறம் ஒருக்களிக்க இயலாமையால் உறக்கமில்லை.

டிசம்பர் 29
எக்ஸ்ரே படத்தில் முறிவைச் சுற்றிப் புகைபோல் ஒரு திரட்சி தெரிகிறது. உடைந்த முனைகளைப் பிணைக்க உடல் தானே வளர்க்கும் புத்தெலும்பாகிய இதற்குக் காலஸ் என்று பெயர். பழைய தலைக்கவசத்தை மனைவி துடைத்து வைத்திருக்கிறார். அதன் உள்ளிருக்கும் தெர்மோகோல் போன்ற பொருள் ஒருமுறை நசுங்கி அடியைத் தாங்கியபின் மறுமுறை தாங்காது என்பதால் அதைக் கழித்தே ஆகவேண்டும். தலையைக் காத்த பொருளைக் குப்பையில் இட அவருக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 19
மீண்டும் வண்டி ஓட்ட மருத்துவர் இசைந்துவிட்டதால் எல்லைகள் வகுக்கப்பட்டன. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 7 மீட்டர் ஓடிவிடும், 15 கி.மீ. வேகத்திலோ 4 மீட்டரே. பள்ளத்தைக் கண்ட கண்ணுக்கும் பிரேக்கை இறுக்கும் கைக்கும் இடையே கழிவது ஏறக்குறைய அந்த நொடிதான். மேலும், இயக்க ஆற்றல், அதாவது ஓடும் பொருள் தன்னுள் கொண்டிருக்கும் ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், 25இல் அது 15இல் உள்ளதைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. ஆகவே 15 என்பதே வரம்பு. இருளிலும் தேங்கிய நீரிலும் ஓட்டுவதில்லை. தோளைத் திருப்பிப் பின்னே பார்ப்பது இன்னும் கடினமாகையால் கைப்பிடியில் ஒரு கண்ணாடி.

பிப்ரவரி 1
வண்டி வாசல் வரை உருட்டப்பட்டு, மீண்டும் உள்ளே நிறுத்தப்பட்டது. காற்று குறைவு என்று மகளிடம் சொல்லப்பட்டது. காற்று குறைவாக இல்லை.

பிப்ரவரி 8
நன்கு விடிந்தபின் திருவான்மியூரிலிருந்து புறப்பட்டு, வரம்பை ஒருமுறையும் மீறாமல் நீலாங்கரை அடைந்தவர், விழுந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இறங்கி நடந்தார். மழைக்காலம் கழிந்து சாலை புதிதாகப் போடப்பட்டிருந்தமையால் பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை; எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது நினைவில் நிற்க, அங்கே இரண்டு கடைகள் இருந்தன. திரும்பும் வழியில் தோள் வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கையில் இடக்கையின் இரு விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. வழி முழுவதும் அவை பிரேக்கைப் பற்றியே இருந்திருக்கின்றன.